ஆளில்லாத சீட்டில் பெல்ட்

காலை ஒன்பது பத்துக்கு வாட்ச்மேன் ஆஸ்பத்திரியில் கண்ணை மூடினார். ஒன்பதரைக்கு அந்தத் தகவல் போனில் வந்தபோது, வக்கீலம்மாவின் மேஜைக்கு எதிரே டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

வக்கீலம்மா போனை வைத்தாள். சுற்றி வளைத்துப் பேச அவளுக்கு வராது. வக்கீலுக்குப் படித்துவிட்டு, ஒரு நாள்கூடக் கறுப்புக் கோட்டு மாட்டாமல் துப்பறியக் கிளம்பியவள் அவள். படிப்பு போன இடம் தெரியவில்லை, பட்டப்பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

“வாட்ச்மேன் போயிட்டாரும்மா,” என்றாள்.

டிரைவர் மனைவி அழவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். “அப்போ இவருக்கு?”

அவள் கணவனுக்கு என்ன ஆகும் என்பது இருவருக்குமே தெரிந்துதான் இருந்தது. நாலு நாளைக்கு முன்னால், டிரைவர் வேலை பார்த்த பல் டாக்டர் வீட்டு மேல் முற்றத்தில் நின்ற கார் சரிவில் தானாக இறங்கி, கேட்டைத் திறந்துகொண்டிருந்த வாட்ச்மேனைக் கேட்டோடு வைத்து நசுக்கியது. கார் பக்கத்தில் நின்றிருந்த டிரைவர், “என் தப்புதான் சார்” என்று கையை நீட்டிவிட்டார். அன்றிலிருந்து லாக்கப். வாட்ச்மேன் மூச்சு விட்டுக்கொண்டிருந்த வரை அது காயக் கேஸ். இனி சாவுக் கேஸ். நாளை காலை பத்து மணிக்குக் கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போவதாக மனிதர் ஒற்றைக்காலில் நிற்கிறார்.

“வண்டிதான் மேடம் தப்பு. இந்தக் காலத்து வண்டியெல்லாம் தானாவே ஏதேதோ பண்ணுது. வண்டிதான் தப்புன்னு மட்டும் நீங்க நிரூபிச்சுக் கொடுங்க, போதும்.”

“வண்டியைக் கூண்டுல ஏத்திடலாம்மா. கோர்ட்டு வாசல்ல பார்க்கிங் கிடைக்கணுமே,” என்றான் மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த வெடி.

வெடி அவளுடைய உதவியாள். பதினைந்து வருஷம் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் பிடித்தவன். முதலாளியைப் பற்றி முதலாளி காதுபடவே ஜோக்கடித்து வேலையைத் தொலைத்தவன். வயது ஐம்பதை நெருங்குகிறது, வாய் மட்டும் இன்னும் வயதுக்கு வரவில்லை.

வக்கீலம்மா அவனை முறைத்துவிட்டு இவளிடம் திரும்பினாள். “உங்க வீட்டுக்காரர் அந்த வண்டியை எத்தனை வருஷமா ஓட்டறார்?”

“ரெண்டரை வருஷம். அதுக்கு முன்னாடி டிரைவிங் ஸ்கூல்ல பதினாறு வருஷம் சொல்லிக்கொடுத்தவர் மேடம். வண்டியை நிறுத்தினா, போர்டுல பார்க்கிங் ‘பி’ எரியுதுன்னு வாய்விட்டுச் சொல்லிட்டுத்தான் இறங்குவார். வீட்டுல ஃபேனை நிறுத்தினாக்கூட நின்னுடுச்சான்னு நிமிர்ந்து பார்க்கற ஆளு.”

சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. வலது கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு மெதுவாக எழுந்தாள். ஆறு மாதத்துக்கு முன்னால் இதய ஆபரேஷன் ஆனவள் என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். வக்கீலம்மாவுக்கு அவளைப் பிடித்துப்போயிருந்தது. பிடித்துப்போன கட்சிக்காரர்கள்தான் எப்போதும் அவள் தூக்கத்தைக் கெடுப்பார்கள்.

அவள் படியிறங்கிப் போனதும் வக்கீலம்மா டிரைவரின் வாக்குமூலத்தை எடுத்து உரக்கப் படித்தாள். “‘லீவரை முன்னால் தள்ளினேன். பி விழுந்துவிட்டது என்று நினைத்து இறங்கினேன்.’ இதுல உனக்கு என்ன தோணுது?”

“அந்த வண்டியில லீவர்ல ‘பி’யே கிடையாதுக்கா,” என்றான் வெடி. “அதுக்குத் தனி பட்டன். லீவரை முன்னாடி ஒரு தட்டு தட்டினா ‘என்’, அதாவது நியூட்ரல். கையை எடுத்தா லீவர் நடுவுக்கு வந்து, நான் ஒண்ணுமே பண்ணலைங்கற மாதிரி நிக்கும். முன்னாடி கடைசி வரைக்கும் தள்ளினா ‘பி’ங்கறது பழைய ஆட்டோமேட்டிக் கதை.”

“ரெண்டரை வருஷம் ஓட்டினவர் கை, இல்லாத இடத்துல ‘பி’யைத் தேடுமா?”

“என் கை தேடும். நான் என் கண்ணாடியையே பழைய சட்டையிலதான் தேடுவேன். அந்த ஆளு கை தேடாது.”

அடுத்தது போட்டோ. விபத்து நடந்த பத்தாவது நிமிஷம், இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே போலீஸ் எடுத்தது. ஜன்னல் வழியாக டேஷ்போர்டு தெளிவாகத் தெரிந்தது. ‘என்’ என்ற எழுத்து எரிந்தது. ஓரத்தில் சீட் பெல்ட் அதன் இடத்தில் சுருண்டு தொங்கியது. வக்கீலம்மா அரை மணி நேரம் அதையே பார்த்தாள். மூன்று நாளாகப் பார்த்தும் பிடிபடாதது இப்போதுதான் பிடிபட்டது.

“வெடி, பெல்ட் மாட்டலைன்னா சிவப்பு விளக்கு எரியணும் இல்ல? இதுல எரியலையே.”

“ஆமா. சீட்டுல ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் எரியும்.” அவன் போட்டோவை வாங்கிப் பார்த்தான். டீ டம்ளரைக் கீழே வைத்தான். “அட! ஆளில்லாத சீட்டு பெல்ட் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கே!”

“எப்படி?”

“டம்மி கிளிப்புக்கா. பெல்ட் முனையில இருக்கற அதே மாதிரி ஒரு சின்னத் தகடு. அதைச் சொருகிட்டா பெல்ட் போட்டாச்சுன்னு வண்டி ஏமாந்துடும், கீங்கீங்னு கத்தாது. பெல்ட் போடப் பிடிக்காதவங்க வாங்கிச் சொருகுவாங்க.” அவன் குரல் இறங்கியது. “இந்த மாதிரி வண்டியில இன்னொண்ணும் இருக்கு. ஓட்டறவங்க ‘பி’ போட மறந்துபோய் பெல்ட்டைக் கழட்டிட்டுக் கதவைத் திறந்தா, ஆள் இறங்கறாங்கன்னு புரிஞ்சுக்கிட்டு அதுவே ‘பி’ போட்டுக்கும். கிளிப் சொருகியிருந்தா ஆள் உள்ளேதான் இருக்காங்கன்னு நினைச்சுக்கும்.”

“அப்போ அந்தக் கிளிப்தான் வாட்ச்மேனைக் கொன்னது.”

“கிளிப்பைச் சொருகினவங்க.”

பல் டாக்டரின் கிளினிக்கில் ஒரு நோயாளி வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தார். டாக்டர் அந்த வாய்க்குள் ஊசியை விட்டபடியே பதில் சொன்னார். துக்கம் கொஞ்சமும் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. கேட் வளைந்துவிட்டதாம்.

“கிளிப்பா? என் வண்டியிலயா? பின் சீட்டுல உட்கார்ற என்னையே பெல்ட் போடச் சொல்லி உயிரை எடுக்கற ஆளு அவர். கிளிப்பைப் பார்த்திருந்தா வேலையை விட்டுட்டுப் போயிருப்பார்.”

“நீங்க ஓட்டறதுண்டா?”

“இடது மணிக்கட்டு போயிடுச்சு. ஸ்டியரிங்கைத் தொட்டுப் பதினோரு வருஷம் ஆச்சு. காலையில ஒன்பதுக்கு என்னை இங்க விட்டுட்டு வண்டியை வீட்டுக்கு எடுத்துட்டுப் போவார், ஒரு மணிக்கு வருவார். அன்னிக்குக் கரண்ட் இல்லைன்னு பதினொண்ணுக்கே நண்பர் கார்ல வீட்டுக்குக் கிளம்பிட்டேன். வாசல்ல ஹார்ன் அடிச்சோம். வாட்ச்மேன் திறக்க வந்தார். அடுத்த நிமிஷம் சத்தம்.”

“மேல யாரையாவது பார்த்தீங்களா?”

“கேட்டு ஆள் உயரம். உள்ளே ஓடிப் பார்த்தப்போ டிரைவர் மட்டும்தான் நின்னார்.”

நோயாளி ஏதோ சொல்ல வந்து ‘ஆ, ஆ’ என்றார். “சாட்சி சொல்லணும்னா வாயை மூடிட்டுச் சொல்லுங்க சார்,” என்றான் வெடி. டாக்டர் இருவரையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்.

தெருவில் இறங்கியதும் வெடி விரலை மடக்கினான். “டிரைவருக்குக் கிளிப் வேண்டாம். டாக்டருக்கு ஸ்டியரிங்கே வேண்டாம். ஒன்பதுக்கும் ஒரு மணிக்கும் நடுவுல அந்த வண்டியை மூணாவது ஆள் யாரோ ஓட்டியிருக்காங்க. அவங்களுக்காக நம்ம ஆளு உள்ளே போறார். யாருக்காகக்கா ஒரு மனுஷன் இப்படிப் போவான்?”

பதில் வக்கீலம்மாவின் நாக்கு நுனியில் இருந்தது. அது தப்பாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே நடந்தாள்.

பிடிபட்ட வண்டிகளை நிறுத்தி வைக்கும் மைதானத்தில் வெயில் கொளுத்தியது. தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்த காவலருக்குப் பேச்சுத் துணை கிடைத்த சந்தோஷம். தொடக் கூடாது, பார்க்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்.

வெடி தலையை உள்ளே விட்டு டார்ச் அடித்தான். “சீட்டு எவ்வளவு தள்ளியிருக்குன்னு பார்த்து உயரம் சொல்லலாம்னா, இழுத்துட்டு வந்தவன் சௌகரியமாப் பின்னாடி தள்ளிட்டுப் படுத்துத் தூங்கியிருக்கான் போல.” பெல்ட் சொருகும் துளையைப் பார்த்தான். “கிளிப் இல்லைக்கா. ஆனா துளை ஓரத்துல நகத்தால நெம்பின கீறல் இருக்கு. புதுசு.”

போட்டோ எடுத்தபோது இருந்தது இப்போது இல்லை. யாரோ வந்து எடுத்துப் போயிருக்கிறார்கள்.

“இந்த வண்டியைப் பார்க்க யாராவது வந்தாங்களா?” என்று காவலரிடம் கேட்டாள்.

“ஒரே ஒரு ஆள்தான் வந்தாங்க. டிரைவரோட சம்சாரம். ரெண்டாம் நாள். வீட்டுக்காரர் கண்ணாடி வண்டியில இருக்கு, லாக்கப்புல கண்ணு தெரியாமக் கஷ்டப்படறார்னு வந்துச்சு. பாவம், சீட்டுல உட்கார்ந்து ஒரே அழுகை. நான் நாகரிகமாத் திரும்பி நின்னுக்கிட்டேன்.”

“எந்த சீட்டுல?”

“டிரைவர் சீட்டுலதான்.” காவலர் யோசித்தார். “ஒண்ணு மட்டும் வேடிக்கையா இருந்துச்சும்மா. நான் பின்பக்கம் பார்த்து நின்னுக்கிட்டிருந்தேனா, அது ஏறி உட்கார்ந்ததும் வண்டியோட பின்னாடி சிவப்பு லைட் ரெண்டும் எரிஞ்சுது. இறங்கற வரைக்கும் எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நின்ன வண்டிக்கு எதுக்குப் பிரேக்குன்னு நினைச்சுக்கிட்டேன்.”

வெடி வக்கீலம்மாவைப் பார்த்தான். அவள் எங்கேயோ பார்த்தாள். கண்ணாடி எடுக்க வரும் பெண்ணின் கால் பிரேக்கைத் தேடாது. ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தால் முதலில் பிரேக்கில் கால் வை என்று தினமும் சொல்லிச் சொல்லிப் பழக்கப்படுத்தப்பட்ட கால்தான் அப்படிப் போகும்.

டிரைவர் வீடு ஒரே அறை. தையல் மெஷின், அதன் மேல் பாதியில் நின்றுபோன ஒரு பள்ளிச் சீருடை, சுவரோரம் மருந்து டப்பாக்கள். அவள் கதவைத் திறந்து, இருவர் முகத்தையும் பார்த்தாள். முகத்தில் ஈயாடவில்லை.

“கிளிப்பை என்ன பண்ணீங்க?” என்றாள் வக்கீலம்மா.

அவள் பொய் சொல்லவில்லை. அந்த மட்டுக்கும் மிச்சம். மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். “வர்ற வழியில கால்வாய்ல போட்டுட்டேன். அவர்தான் எடுத்துடச் சொன்னார். கிளிப்பைப் பார்த்தா யாருக்காகன்னு கேட்பாங்கன்னார்.”

“யாருக்காக?”

“எனக்காகத்தான்.” நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். “பெல்ட் போட்டா தையல் போட்ட இடத்துல சரியா அழுத்தும், உயிர் போகும். பதினாறு வருஷமா யாரையும் பெல்ட் இல்லாம வண்டியைத் தொடவே விடாத மனுஷன், எனக்காகப் போய் அந்தக் கிளிப்பை வாங்கிட்டு வந்தார். கொஞ்ச நாளைக்குத்தானேன்னார்.”

“நீங்க எதுக்கு ஓட்டக் கத்துக்கணும்?”

“அவருக்குக் கண்ணு மங்கிக்கிட்டே வருது மேடம். அடுத்த வருஷம் லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டாங்க. எனக்கு மெஷினை மிதிச்சா மூச்சு வாங்குது. ரெண்டு பேர்ல ஒருத்தராவது ஓட்டணுமில்ல? முதல்ல அவர் சிநேகிதரோட பழைய வண்டியில கத்துக்கொடுத்தார். டாக்டர் இல்லாத நேரத்துல இந்த வண்டியில ஆரம்பிச்சு அன்னிக்கு மூணாவது நாள்.”

“வாட்ச்மேனுக்குத் தெரியுமா?”

இந்தக் கேள்விக்குத்தான் அவள் அழுதாள். “அவர்தான் மேடம் எனக்குக் கை காட்டுவார். ரைட்டு ரைட்டுன்னு. நல்லா ஓட்டறே தங்கச்சி, என்னையும் ஒரு நாள் ஏத்திட்டுப் போன்னு சொல்லுவார். அன்னிக்கு ஹார்ன் சத்தம் கேட்டதும் டாக்டர் வந்துட்டார், இறங்கி ஓடிடு தங்கச்சின்னு சொல்லிட்டுத்தான் கேட்டுக்குப் போனார். எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. பழைய வண்டின்னு நினைச்சு லீவரை முன்னாடி தள்ளிட்டு இறங்கி வீட்டுப் பின்பக்கம் ஓடிட்டேன். மேல கிட்டத்தட்ட சமதளம். வண்டி உடனே நகரலை. நான் திரும்பிப் பார்த்தப்போ மெதுவா, சத்தமே இல்லாம, அவர் முதுகைப் பார்த்துப் போய்க்கிட்டிருக்கு. வெளியே நின்னு பார்த்துக்கிட்டிருந்த இவர் கத்திக்கிட்டே பின்னாடி ஓடறார்.”

வக்கீலம்மாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இவள் மேல் வந்த ஆத்திரம் பாதி, இவளைத் திட்ட முடியவில்லையே என்ற ஆத்திரம் மீதி.

“இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டு எதுக்கும்மா எங்கிட்ட வந்தே?” மரியாதை தானாகக் கழன்றுவிட்டது.

“வண்டிதான் தப்புன்னு யாராவது சொல்லிட்டா ரெண்டு பேருமே பிழைச்சுப்போம்னு நினைச்சேன். உன் நெஞ்சு ஜெயிலைத் தாங்காது, வாயைத் திறக்காதேன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். வாட்ச்மேன் கண்ணு முழிச்சா அவர் கால்ல விழுந்து எல்லாத்தையும் சொல்லிடலாம்னு இருந்தேன். இன்னிக்குக் காலையில அதுவும் போச்சு.”

வெடி ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, “கேஸு கண்டுபிடிச்சாச்சு, கட்சிக்காரரையும் கண்டுபிடிச்சாச்சு. நம்ம தொழில் பிரமாதமா நடக்குதுக்கா,” என்றான். கசப்பு அவன் குரலிலேயே தெரிந்தது.

“உங்க வீட்டுக்காரரை நாளைக்குள்ள வெளியே கொண்டுவரணும்னு கேட்டீங்க,” என்றாள் வக்கீலம்மா. “ஒரு வழிதான் இருக்கு. அந்த வழியில நீங்க உள்ளே போகணும். நான் தள்ளமாட்டேன். தடுக்கவும் மாட்டேன்.”

அவள் மருந்து டப்பாக்களைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். மெஷின் மேல் இருந்த சீருடையை மடித்து வைத்தாள். “வாங்க மேடம். சத்தியத்தை நான் பார்த்துக்கறேன்.”

ஸ்டேஷனில் அப்போதுதான் வாட்ச்மேன் செத்துப்போனதற்கான புது வாக்குமூலத்தை எழுதி முடித்திருந்தார்கள். கையெழுத்துக்காக டிரைவரை லாக்கப்பிலிருந்து அழைத்துவந்து மேஜை முன்னால் நிறுத்தியிருந்தார்கள். மனைவியைப் பார்த்ததும் அவர் முகம் வெளிறிப்போனது.

“நான்தான் சார் ஓட்டினேன்,” என்றாள் அவள், உட்காராமலேயே. ஒன்று விடாமல் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு டிரைவரைப் பார்த்தார். “என்னய்யா?”

“பிதற்றறா சார். ஆபரேஷன் ஆன உடம்பு. இவளுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.”

வக்கீலம்மா போட்டோவை மேஜையில் வைத்தாள். பெல்ட் விளக்கைக் காட்டினாள். கிளிப்பைச் சொன்னாள், மைதானத்துக் காவலரைச் சொன்னாள்.

“பல்பு போயிருக்கலாம் மேடம். கிளிப் எங்கே?”

“கால்வாயில.”

“பார்த்தவங்க?”

பார்த்த ஒரே ஆள் காலை ஒன்பது பத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தார். புருஷனைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொருளைப் புருஷன் பேச்சைக் கேட்டுத் தன் கையாலேயே சாக்கடையில் எறிந்துவிட்டு வந்து நிற்கிறாள் இவள். வக்கீலம்மாவுக்கு வாயெல்லாம் கசந்தது. வழக்கு கோர்ட்டுக்குப் போகட்டும், காவலரைக் கூண்டில் ஏற்றுவேன் என்று சொல்லிப் பார்த்தாள். குற்றத்தை ஒத்துக்கொள்கிறவனுக்கு எதிராகச் சாட்சி எதற்கு என்று சிரித்தார் இன்ஸ்பெக்டர்.

“புருஷன் உள்ளே போறான்னா வாரத்துக்கு ஒரு பொண்டாட்டி வந்து நான்தான் பண்ணேன்னு நிக்கறாங்க மேடம். இவங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியும்னே யார் சொன்னது?”

“எனக்குத் தெரியும்!” என்று கத்தினாள் அவள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேஜை விளிம்பில் சாய்ந்தாள். “கேளுங்க சார், சொல்றேன். முதல்ல வண்டி முழுசா நிக்கணும். உருண்டுக்கிட்டு இருக்கும்போது ‘பி’ போடக் கூடாது. பிரேக்கிலேருந்து காலை எடுக்காம ஹேண்ட் பிரேக் போடணும். சரிவா இருந்தா, காலை லேசா விட்டு, வண்டி ஹேண்ட் பிரேக்கைப் பிடிச்சு நிக்குதான்னு பார்க்கணும். மறுபடி மிதிச்சுக்கிட்டு ‘பி’ பட்டனை அமுக்கணும். கை சொல்றதை நம்பக் கூடாது, போர்டுல ‘பி’ எரியுதான்னு கண்ணால பார்க்கணும். அப்புறம் இஞ்சினை நிறுத்தணும். அதுக்கப்புறம்தான் பெல்ட்டு. அதுக்கும் அப்புறம்தான் கதவு. எவ்வளவு அவசரமா இருந்தாலும் இதுல ஒண்ணைக்கூட விடக் கூடாது.”

மூச்சு வாங்க நிறுத்தினாள். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டார். தன் மாணவி ஒரு வரிகூடப் பிசகாமல் ஒப்பித்ததைக் கேட்டு, அந்த நிலைமையிலும் பெருமையில் அவர் உதடு லேசாக விரிந்ததை வக்கீலம்மா பார்த்தாள்.

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்தார். “பிரமாதம். இவ்வளவு சுத்தமாத் தெரிஞ்சு வெச்சிருக்கிறவங்க, எப்படிம்மா மறந்துட்டு இறங்குவீங்க? நீங்களே சொல்லுங்க.”

“அதைத்தான் சார் நாலு நாளா என்னையே கேட்டுக்கிட்டிருக்கேன்.”

“பேனா கொடுங்க சார்,” என்றார் டிரைவர்.